கெஸ்ட் லினக்ஸ் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

விஎம்முக்குள் (மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினிக்குள்) ஓடும் லினக்ஸுக்குத் தான் இருக்கும் இடம் நன்றாகவே தெரியும். அந்த லினக்ஸ்தான் கெஸ்ட், அதைச் சுமக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட். மறந்துபோவது நாம்தான். நெட்வொர்க் போனதும் கெஸ்டுக்குள் நுழைந்து அமைப்புக் கோப்புகளைக் குடைய ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஹோஸ்ட் வேறொரு வைஃபைக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். நான் குடைந்து பார்த்தவற்றில் நிறைய கோளாறுகள் லினக்ஸிலும் இல்லை, ஹோஸ்டிலும் இல்லை. இரண்டும் சேரும் மூட்டில் இருந்தன.

அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரே கேள்விதான்: கடைசியாக ஒழுங்காக ஓடிய பிறகு வெளியே என்ன மாறியது? ஹோஸ்டை அப்டேட் செய்தீர்களா, வட்டுக் கோப்பை இடம் மாற்றினீர்களா, குளோன் (விஎம்மின் முழுப் பிரதி) எடுத்தீர்களா, லேப்டாப்பை மூடித் திறந்தீர்களா?

அப்புறம் இரண்டு கட்டளைகள். ‘சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்’ என்று கெஸ்டுக்குள் கேட்டால் எதன் மேல் ஓடுகிறோம் என்று ஒரே சொல்லில் பதில் வரும். ‘ஆரக்கிள்’ என்றால் விர்ச்சுவல்பாக்ஸ், ‘மைக்ரோசாஃப்ட்’ என்றால் ஹைப்பர்-வி. ‘விஎம்வேர்’, ‘கேவிஎம்’, ‘கியூஎமு’ என்று வந்தால் விஎம்மை ஓட்டும் மென்பொருளின் பெயரே அதுதான். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பெரியது, கீழே வருகிறது. இரண்டாவது கட்டளை ‘டிமெஸ்ஜ்’. கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பார்த்த வன்பொருள், அதன் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடியுங்கள்.

## தொடங்கவே மாட்டேன் என்கிறது

‘விடி-எக்ஸ் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் பிழை வந்தால் கெஸ்டைத் தொடவே வேண்டாம். அது இன்னும் பிறக்கவே இல்லை. ஹோஸ்டின் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பில்) மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல்லில் அதன் பெயர் விடி-எக்ஸ், ஏஎம்டி பலகைகளில் பெரும்பாலும் எஸ்விஎம். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நடுவில் பயாஸ் அப்டேட் ஆகி அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

பயாஸில் எல்லாம் சரி, ஆனாலும் பிழை வருகிறது என்றால் அந்த வசதியை வேறு யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். லினக்ஸ் ஹோஸ்டில் அந்த யாரோ கேவிஎம்தான். முன்பெல்லாம் கேவிஎம்மில் ஒரு விஎம் ஓடிக்கொண்டிருந்தால்தான் விர்ச்சுவல்பாக்ஸோடு மோதும். கெர்னல் 6.12 முதல் கேவிஎம் மாட்யூல் (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டு) ஏறிய கணத்திலேயே விடி-எக்ஸைப் பிடித்துக்கொள்கிறது. கெர்னலை அப்டேட் செய்த மறுநாள் விர்ச்சுவல்பாக்ஸ் படுத்துவிட்டதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அப்போதைக்கு, ‘மோட்ப்ரோப் -ஆர்’ கொண்டு ‘கேவிஎம்_இன்டெல்’ அல்லது ‘கேவிஎம்_ஏஎம்டி’ மாட்யூலை இறக்கிவிடுங்கள். நிரந்தரமாக வேண்டுமானால் கெர்னல் அளவுருக்களில் ‘கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0’ என்று சேர்த்தால் பழைய நடத்தை திரும்பிவிடும்.

விண்டோஸ் ஹோஸ்டில் பிடித்துவைத்திருப்பது ஹைப்பர்-வி. டபிள்யூஎஸ்எல்-2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி), நினைவக ஒருமைப்பாட்டுப் பாதுகாப்பு போன்றவை அதை மறைமுகமாக எழுப்பிவிடும். இப்போதைய விர்ச்சுவல்பாக்ஸ் அப்போதும் ஓடும். ஹைப்பர்-வியின் தயவில், மெதுவாக. சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால் அதுதான் நிலைமை. ஆமையை விரட்ட ‘பிசிடிஎடிட்’ கட்டளையில் ‘ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப்’ என்பதை ‘ஆஃப்’ ஆக்கி மறுதொடக்கம் செய்யலாம். டபிள்யூஎஸ்எல்-2 வேலை செய்யாமல் போகும், பாதுகாப்பிலும் ஒரு அடுக்கு குறையும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் மல்லுக்கட்டாமல் கெஸ்டை நேரடியாக ஹைப்பர்-வியிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

## பாதி பூட்டில் நின்றுவிடுகிறது

எங்கே நிற்கிறது என்பதில்தான் விஷயம். க்ரப் (கெர்னலை ஏற்றும் பூட் மெனு) வருவதற்கு முன்பா, கெர்னல் ஏறிய பிறகா, லாகினுக்குச் சற்று முன்பா?

க்ரப் வரவே இல்லை, ‘யூஈஎஃப்ஐ ஷெல்’ (யூஈஎஃப்ஐ என்பது பயாஸின் புதிய வாரிசு) என்று மஞ்சள் எழுத்தில் ஒன்று வந்து நிற்கிறது. வட்டுக் கோப்பை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோய்ப் புதிய விஎம் உருவாக்கினீர்களா? எந்தக் கோப்பிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற குறிப்பு வட்டில் இல்லை, விஎம்மின் என்விராமில் (ஃபர்ம்வேர் தன் அமைப்புகளை வைக்கும் நினைவகத்தில்) இருக்கிறது. அதை நீங்கள் எடுத்துவரவில்லை. லிப்விர்ட்டில் (கேவிஎம் விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருளில்) அது தனிக் கோப்பாகவே கிடக்கும். இப்போதைக்கு ஃபர்ம்வேர் மெனுவில் ‘பூட் ஃப்ரம் ஃபைல்’ வழியாக ஈஎஃப்ஐ பகுதிக்குள் போய், உங்கள் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) அடைவில் இருக்கும் ‘ஷிம்’ அல்லது ‘க்ரப்’ கோப்பைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழையுங்கள். டெபியன், உபுண்டு வகைகளில் ‘க்ரப்-இன்ஸ்டால்’ கட்டளையை ‘--ரிமூவபிள்’ விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிவிட்டால், எந்த ஃபர்ம்வேரும் குறிப்பில்லாமலே தேடும் பொது இடத்தில் ஒரு பிரதி உட்கார்ந்துவிடும். இன்னொரு சாத்தியம்: பழைய விஎம் பயாஸில் நிறுவப்பட்டது, புதியது யூஈஎஃப்ஐ. அப்படியானால் விஎம் அமைப்பில் ஃபர்ம்வேரை மாற்றினாலே போதும், வட்டைத் தொட வேண்டாம்.

கெர்னல் ஏறுகிறது, உடனே ‘இனிட்டைக் கொல்ல முயற்சி’ என்று பேனிக், அதாவது கெர்னலே கைவிரித்து நின்றுவிடுகிறது. கடைசி வரியை விட்டுவிட்டு அதற்குச் சில வரிகள் மேலே பாருங்கள். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்), ‘இந்த சிபியு எக்ஸ்86-64-வி2-ஐ (சிபியு வசதிகளின் ஒரு தர அளவை) ஆதரிக்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-உம் அதன் வழிவந்தவையும் அந்த அளவுக்குக் கீழே உள்ள சிபியுவில் ஓடாது. 10-ஆம் பதிப்பு வி3 கேட்கிறது. உங்கள் நிஜ சிபியு புத்தம் புதியதாக இருக்கலாம். ஆனால் கியூஎமு கெஸ்டுக்குக் காட்டுவது ‘கியூஎமு64’ அல்லது ‘கேவிஎம்64’ என்ற ஆதிகால முகமூடியை. சிபியு வகையை ‘ஹோஸ்ட்’ என்றோ ‘ஹோஸ்ட்-பாஸ்த்ரூ’ என்றோ மாற்றினால் அடுத்த பூட்டில் எழுந்துவிடும். வெவ்வேறு சிபியு உள்ள இயந்திரங்களுக்கு இடையே விஎம்மை ஓடும்போதே நகர்த்துகிறவர்கள் மட்டும் ‘ஹோஸ்ட்’ போடாமல், எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான ஒரு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிராகட் ஷெல்லில் போய் விழுகிறது. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இது நல்லெண்ணத்தில் வரும் கோளாறு. ‘சாட்டாவைவிட விர்ட்ஐஓ (விஎம்முக்கென்றே உருவான வட்டு இணைப்பு) வேகம்’ என்று யாரோ சொல்ல, விஎம்மை அணைத்து வட்டின் பஸ்ஸை மாற்றுகிறோம். திரும்ப எழுப்பினால் இரண்டு மூன்று நிமிடம் ‘இனிட்க்யூ டைம்அவுட்’ என்று வரிவரியாக ஓடி, ரூட் பகுதியின் யூயூஐடி (அதன் தனி அடையாள எண்) இல்லவே இல்லை என்ற செய்தியோடு ஒரு ஷெல்லில் விட்டுவிடுகிறது. வட்டு எங்கும் போகவில்லை. ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் டிராகட் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (வட்டைத் திறக்கும் வரை கெர்னலுக்குத் துணையாக ஏறும் சின்னக் கோப்பு முறைமையை) உருவாக்கும்போது அன்றைக்கு இருந்த வன்பொருளுக்கான டிரைவர்களை மட்டும் உள்ளே வைக்கும். அன்றைக்கு இருந்தது சாட்டா. ‘விர்ட்ஐஓ_பிளாக்’ இல்லாமல் வட்டைப் பார்க்க முடியாது. அந்த டிரைவரோ அந்த வட்டுக்குள்ளேதான் இருக்கிறது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை.

வழி இரண்டு உண்டு. க்ரப் மெனுவில் கடைசியாக ‘ரெஸ்க்யூ’ என்ற பதிவு இருக்கும். அந்த இனிட்ராம்எஃப்எஸ்ஸில் எல்லா டிரைவர்களும் உண்டு. அதில் பூட் செய்து, உள்ளே போனதும் ‘டிராகட் -எஃப் --ரீஜெனரேட்-ஆல்’ என்று ஓட்டுங்கள். இப்போது கண்முன் இருப்பது விர்ட்ஐஓ என்பதால் அதற்கான டிரைவர் சேர்ந்துவிடும். வெறும் ‘டிராகட் -எஃப்’ மட்டும் போட்டால் அப்போது ஓடும் கெர்னலுக்கு மட்டுமே உருவாகும். ரெஸ்க்யூ கெர்னல் பழையதாக இருந்தால், அடுத்த முறையும் அதே ஷெல்லில்தான் விழுவீர்கள். ரெஸ்க்யூ பதிவை எப்போதோ அழித்துவிட்டீர்கள் என்றால், பஸ்ஸைப் பழையபடி சாட்டாவுக்கு மாற்றி உள்ளே போய், ‘--நோ-ஹோஸ்ட்ஒன்லி’ சேர்த்து உருவாக்கிவிட்டு, பிறகு விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். டெபியன், உபுண்டுவில் இனிட்ராம்எஃப்எஸ் இயல்பாகவே பெரும்பாலான டிரைவர்களைச் சுமந்து வருவதால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும்.

‘ஸ்டார்ட் ஜாப்’ என்று 1 நிமிடம் 30 வினாடி எண்ணிவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது. இது மேலே சொன்னதன் தம்பி. ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் (பூட்டில் இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலில்) வட்டை ‘எஸ்டிபி1’ என்று பெயரால் குறித்திருப்பீர்கள். விர்ட்ஐஓவில் அது ‘விடிபி1’ ஆகிவிட்டது. அல்லது ஏதோ ஒரு கூடுதல் வட்டை விஎம்மிலிருந்து கழற்றியிருப்பீர்கள். ‘பிஎல்கேஐடி’ காட்டும் யூயூஐடியைப் போடுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற வட்டுகளுக்கு ‘நோஃபெயில்’ சேர்த்துவிடுங்கள்.

## நெட்வொர்க் இல்லை, அல்லது இருக்கிற மாதிரி இல்லை

‘நெட் வரவில்லை’ என்பது ஒரு அறிகுறி அல்ல, நான்கைந்து அறிகுறிகளின் கூட்டுப் பெயர். ‘ஐபி ஏ’ அடித்து முதலில் முகவரியைப் பாருங்கள். முகவரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 10.0.2.15 என்றால் விர்ச்சுவல்பாக்ஸின் நேட் (ஹோஸ்டின் முகவரிக்குப் பின்னால் ஒளிந்து வெளியே போகும் முறை), அல்லது கியூஎமுவின் பயனர் நிலை நெட்வொர்க். 192.168.122 என்று தொடங்கினால் லிப்விர்ட்டின் இயல்புநிலை நேட். 192.168.56 என்றால் விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட்-ஒன்லி, அதில் வெளியுலகம் கிடையாது. அதை எதிர்பார்ப்பதும் தவறு.

*பிங் போகவில்லை, ஆனால்…* கியூஎமுவின் பயனர் நிலை நெட்வொர்க்கில் பல ஹோஸ்டுகளில் பிங் வெளியே போகாது. டிசிபியும் யூடிபியும் மட்டும் போகும். பிங்கை நம்பி ‘நெட் செத்துவிட்டது’ என்று முடிவு கட்டியவர்கள் அதே டெர்மினலில் ‘கர்ல்’ (வலைப்பக்கத்தை எடுக்கும் கட்டளை) அடித்துப் பார்த்தால் பக்கம் சிரித்துக்கொண்டு வந்து நிற்கும். ஆகவே கெஸ்டுக்குள் சோதிக்கப் பிங்கைவிடக் கர்ல் நம்பகமானது.

*உள்ளிருந்து வெளியே போகிறது, வெளியிலிருந்து உள்ளே வரவில்லை.* நேட்டின் இயல்பே அதுதான், கோளாறு இல்லை. ஹோஸ்டின் 2222-ஐக் கெஸ்டின் 22-க்குத் திருப்பிவிடும் ஒரு போர்ட் ஃபார்வர்டிங் விதி போட்டு, ஹோஸ்டிலிருந்து லோக்கல்ஹோஸ்ட் 2222-க்கு எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக டெர்மினலில் நுழைவது) செய்யுங்கள். ஃபெடோரா வகைக் கெஸ்டுகளில் ஃபயர்வால்டி என்ற தடுப்புச் சுவரும் நடுவில் நிற்கும். வலைச் சேவை எதையாவது திறந்துவிட நினைத்தால் அங்கேயும் அனுமதி கொடுக்க வேண்டும்.

*பிரிட்ஜ் (கெஸ்டை நேரடியாக வெளி நெட்வொர்க்கில் சேர்ப்பது) போட்டால் முகவரியே கிடைக்கவில்லை.* ஹோஸ்ட் கேபிளிலா வைஃபையிலா இருக்கிறது? வைஃபை அணுகல் புள்ளி, தன்னிடம் பதிவு செய்துகொண்ட மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணிலிருந்து) வரும் பொட்டலங்களை மட்டுமே ஏற்கும். கெஸ்டின் மேக் அதற்கு அந்நியம். விர்ச்சுவல்பாக்ஸ் முகவரியை நடுவில் மாற்றி எழுதிச் சமாளிக்கிறது. லினக்ஸ் ஹோஸ்டின் சாதாரண பிரிட்ஜுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வைஃபையில் இருந்தால் நேட்டோடு நிறுத்திக்கொள்வது மனநிம்மதி.

*இடைமுகம் இருக்கிறது, ஆனால் ‘டவுன்’.* விஎம்மை வேறு ஹைப்பர்வைசருக்கு (விஎம்மை ஓட்டும் மென்பொருளுக்கு) மாற்றினீர்களா, நெட்வொர்க் அட்டையின் வகையை மாற்றினீர்களா? விர்ச்சுவல்பாக்ஸில் ‘ஈஎன்பி0எஸ்3’ ஆக இருந்தது விஎம்வேரில் ‘ஈஎன்எஸ்33’ ஆகும், கேவிஎம்மில் ‘ஈஎன்பி1எஸ்0’ ஆகலாம். பெயர், அட்டை செருகப்பட்ட பிசிஐ இடத்தைப் பொறுத்தது. நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பில்) பழைய பெயரே இருந்தால் புதிய அட்டையை யாரும் சீண்டமாட்டார்கள். பெயரை மாற்றி ‘நெட்பிளான் அப்ளை’ கொடுங்கள்.

இனி எனக்கு ஒரு மாலை முழுவதையும் தின்ற ஒன்று. உபுண்டு சர்வர் விஎம் ஒன்றை ஒழுங்காக அமைத்து, அதிலிருந்து மூன்று குளோன்கள் எடுத்தேன். மேக் முகவரிகளைப் புதிதாக உருவாக்கச் சொல்லியிருந்தேன், மூன்றும் வேறு வேறு என்று சரிபார்த்தும் விட்டேன். ஒன்று மட்டும் ஓடும்போது எல்லாம் நலம். இரண்டாவதை எழுப்பியதும் எஸ்எஸ்எச் விக்கித்து நிற்கும், மீண்டும் இணைத்தால் ஹோஸ்ட்நேம் வேறாக இருக்கும். ஒரே முகவரியை இரண்டு விஎம்களும் பிடித்திருந்தன. முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரைச் சந்தேகப்பட்டேன், ஹோஸ்டைச் சந்தேகப்பட்டேன், கேபிளைக்கூட ஒருமுறை மாற்றிச் செருகினேன்.

குற்றவாளி ‘/இடிசி/மெஷின்-ஐடி’ என்ற ஒரே வரிக் கோப்பு. உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டிஎச்சிபியிடம் தன்னை மேக் முகவரியால் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. மெஷின்-ஐடியிலிருந்து பிறக்கும் ஓர் அடையாளத்தைக் கொடுக்கிறது. குளோன்களில் அந்தக் கோப்பு அச்சுப்பிசகாமல் ஒன்றே. சர்வர் பார்வையில் மூவரும் ஒரே ஆள், ஒரே ஆளுக்கு ஒரே முகவரி. சர்வர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

அந்தக் கோப்பை அழிக்காமல் ‘ட்ரங்கேட்’ கொண்டு காலியாக்கி மறுதொடக்கம் செய்தால் புதிய ஐடி தானாகப் பிறக்கும். அடிக்கடி குளோன் எடுப்பவர்கள் மூல விஎம்மிலேயே இதைச் செய்துவிட்டு, திரும்ப எழுப்பாமல் அணைத்துவைத்துவிடுவது உத்தமம். நெட்பிளானில் ‘டிஎச்சிபி-ஐடென்டிஃபையர்: மேக்’ என்று ஒரு வரி சேர்த்தாலும் முகவரிச் சண்டை தீரும். ஆனால் மெஷின்-ஐடியை நம்பும் மற்றவற்றுக்கு அது உதவாது. கையோடு எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்து ‘எஸ்எஸ்எச்-கீஜென் -ஏ’ ஓட்டிப் புதுப்பியுங்கள். குளோன்கள் எல்லாம் ஒரே சாவியோடு திரிவது அழகில்லை, பாதுகாப்பும் இல்லை.

## கறுப்புத் திரை, சின்னத் திரை, ஒட்டாத கிளிப்போர்டு

திரை கறுப்பாக இருப்பதால் விஎம் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் ஹோஸ்ட் விசையோடு எஃப்3 அழுத்துங்கள், விர்ட்-மேனேஜரில் ‘சென்ட் கீ’ மெனுவில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 கொடுங்கள். எழுத்து லாகின் வந்தால் கெஸ்ட் நலம், நோய் கிராஃபிக்ஸில். விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் கெஸ்டுக்கு விஎம்எஸ்விஜிஏ கன்ட்ரோலர், வீடியோ நினைவகம் 128 எம்பி, முப்பரிமாண முடுக்கம் அணைப்பு என்று வைத்து ஒருமுறை முயலுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் க்ரப்பில் கெர்னல் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ சேர்த்து பூட் செய்து, உள்ளே போய் டிரைவரைக் கவனியுங்கள். ‘நோமோட்செட்’டை அப்படியே விட்டுவிடாதீர்கள், அது ஊன்றுகோல்தான்.

‘விர்ஷ் கன்சோல்’ (விர்ஷ் என்பது லிப்விர்ட்டின் கட்டளை) கொடுத்தால் ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு கதை. அது காட்டுவது தொடர் வாயிலை (சீரியல் போர்ட்டை), கெஸ்ட் அதில் பேசவே இல்லை. கெஸ்டில் ‘சீரியல்-கெட்டி@டிடிஒய்எஸ்0’ சேவையை இயக்கினால் லாகின் வரும். பூட் செய்திகளும் வேண்டுமானால் கெர்னல் வரியில் ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0’ சேருங்கள். வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டால், கன்ட்ரோலோடு மூடும் சதுர அடைப்புக்குறி.

திரை அளவு மாறாதது, கிளிப்போர்டு ஒட்டாதது, பகிர்வுக் கோப்புறை தெரியாதது மூன்றும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கெஸ்டுக்குள் இருக்க வேண்டிய துணைவன் இல்லை, அல்லது கெர்னல் அப்டேட்டில் செத்துவிட்டான். விஎம்வேருக்கு ‘ஓப்பன்-விஎம்-டூல்ஸ்’, அதன் டெஸ்க்டாப் துணைத் தொகுப்போடு. ஸ்பைஸ் (விஎம் திரையைக் காட்டும் ஒரு முறை) திரை உள்ள கேவிஎம்முக்கு ‘ஸ்பைஸ்-விடிஏஜென்ட்’. விர்ச்சுவல்பாக்ஸுக்குக் கெஸ்ட் அடிஷன்ஸ். முதல் இரண்டையும் டிஸ்ட்ரோவின் தொகுப்பிலிருந்தே நிறுவுங்கள், விஷயம் முடிந்தது.

கெஸ்ட் அடிஷன்ஸில்தான் இழுபறி. சிடி பிம்பத்திலிருந்து நிறுவினால் அது கெர்னல் மாட்யூல்களை அங்கேயே கம்பைல் செய்யும். அதற்கு ஜிசிசி, மேக், இப்போது ஓடும் கெர்னலின் பதிப்புக்கே உரிய ஹெடர்கள் மூன்றும் வேண்டும். அப்டேட் ஆகி இன்னும் மறுதொடக்கம் செய்யாத கெஸ்டில் ஹெடர் ஒரு பதிப்பு, ஓடும் கெர்னல் இன்னொரு பதிப்பு என்று நிற்கும். முதலில் மறுதொடக்கம் செய்துவிட்டு ‘ஆர்சிவிபாக்ஸ்ஆட் செட்டப்’ ஓட்டுங்கள். தோல்வியின் உண்மைக் காரணம் ‘/வார்/லாக்’ அடைவில் உள்ள ‘விபாக்ஸ்ஆட்-செட்டப்’ லாகில் இருக்கும்; திரையில் வரும் சுருக்கத்தை நம்பாதீர்கள். கம்பைல் வெற்றி, ஆனால் மாட்யூலை ஏற்றும்போது ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று வந்தால் செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாததை ஏற்காத பாதுகாப்பு) தடுக்கிறது. மாட்யூலுக்குக் கையொப்பமிட்டு அந்தச் சாவியை ‘மோக்யூட்டில்’ வழியாகப் பதிய வேண்டும், அல்லது அந்த விஎம்முக்குச் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். சோதனை விஎம் என்றால் நான் அணைத்துவிடுவேன்.

பகிர்வுக் கோப்புறை ‘/மீடியா’வில் தெரிகிறது, திறந்தால் அனுமதி மறுப்பு என்றால், உங்கள் பயனர் ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ குழுவில் இல்லை. ‘யூசர்மாட் -ஏஜி’ கொண்டு சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். அந்த ‘ஏ’ எழுத்தை விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை விட்டேன். மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் பெயர் நீங்கியது, நிர்வாகி உரிமை தரும் சுடூவும் அதில் அடக்கம். தவறைத் திருத்த சுடூ வேண்டும், சுடூ இல்லை. ரெக்கவரி மோடில் போய்த்தான் மீண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதுபவர்கள் ப்ராஜெக்ட்டை இந்தக் கோப்புறையில் வைத்து ‘என்பிஎம்’ ஓட்டினால், சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) உருவாக்க முடியவில்லை என்று வினோதமான பிழையோடு நிற்கும். விர்ச்சுவல்பாக்ஸ் பாதுகாப்பு கருதி அதை இயல்பாகத் தடுத்திருக்கிறது. ஹோஸ்டில் கோப்பைத் திருத்தினால் கெஸ்டில் ஓடும் டெவ் சர்வர் கவனிப்பதும் இல்லை, கோப்பு மாறியதைச் சொல்லும் ஐநோட்டிஃபை செய்தி அந்த எல்லையைத் தாண்டாது. நிரலைக் கெஸ்டின் சொந்த வட்டிலேயே வைத்து, ஹோஸ்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத் திருத்துவது எவ்வளவோ மேல்.

## நத்தை வேகம்

முதலில் ‘சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்’. பதில் ‘கேவிஎம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கியூஎமு’ என்று வந்தால் தேடலை நிறுத்தலாம். வன்பொருள் உதவி இல்லாமல், ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளில் மொழிபெயர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறது. கியூஎமுவை நேரடியாக ஓட்டுபவர்கள் ‘-எனேபிள்-கேவிஎம்’ போட மறந்திருக்கலாம். அல்லது ஹோஸ்டில் ‘/டெவ்/கேவிஎம்’ இல்லை. அல்லது ஹோஸ்ட் என்று நினைத்ததே இன்னொரு விஎம், அதில் உள்ளடுக்கு மெய்நிகராக்கம் திறக்கப்படவில்லை.

அது சரியாக இருந்தால் ‘டாப்’ திறந்து சிபியு வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்ற எண்ணைப் பாருங்கள். கெஸ்ட் ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் சிபியு கொடுக்காமல் காக்கவைத்த நேரம் அது. அந்த எண் உயர்ந்தே இருந்தால் கெஸ்டுக்குள் எதைக் குறைத்தும் பயனில்லை, ஹோஸ்டில்தான் நெரிசல். கேவிஎம், ஜென் (இன்னொரு ஹைப்பர்வைசர்) இரண்டிலும் இந்த எண்ணை நம்பலாம். மற்றவற்றில் 0 என்று இருப்பதால் நெரிசல் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ‘சாஃப்ட் லாக்அப், சிபியு 22 வினாடி சிக்கிக்கொண்டது’ என்ற கெர்னல் செய்தியும் விஎம்மில் பெரும்பாலும் இதே கதைதான். கெர்னல் பிழை என்று பதற வேண்டாம். ஹோஸ்ட் அந்த விசிபியுவை (கெஸ்டுக்குக் கொடுத்த மெய்நிகர் சிபியுவை) அத்தனை நேரம் ஓடவிடவில்லை.

இங்கே உள்ளுணர்வு நம்மை ஏமாற்றும். மெதுவாக இருக்கிறதே என்று விசிபியு எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். 4 கோர் ஹோஸ்டில் ஒவ்வொன்றும் 4 விசிபியு கொண்ட மூன்று விஎம்கள் ஒரே நேரத்தில் உழைத்தால் நெரிசல் கூடத்தான் செய்யும். 2 ஆகக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் ஆச்சரியப்பட வேண்டாம். நினைவகமும் அப்படித்தான். கெஸ்டுக்கு அள்ளிக் கொடுத்து ஹோஸ்ட் ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாமல் வட்டுக்கு) போனால், கெஸ்டுக்குள் ‘ஃப்ரீ’ நிறைய காலி இடம் காட்டும், ஆனால் எல்லாம் தவழும்.

## இடம் இல்லை, எழுத முடியவில்லை, உறைந்துவிட்டது

‘வட்டை 40-லிருந்து 80 ஜிபி ஆக்கினேன், டிஎஃப் (வட்டு இடத்தைக் காட்டும் கட்டளை) இன்னும் பழையதையே காட்டுகிறது.’ காட்டத்தான் செய்யும். நீங்கள் பெரிதாக்கியது வட்டை மட்டும். அதன் மேல் பார்ட்டிஷன், எல்விஎம் (வட்டு இடத்தைத் தொகுத்துப் பிரித்துக் கொடுக்கும் அடுக்கு), கோப்பு முறைமை என்று அடுக்குகள் இருக்கின்றன. ‘எல்எஸ்பிஎல்கே’ அடித்தால் எந்த அடுக்கில் வளர்ச்சி நின்றது என்று தெரியும். கீழிருந்து மேலே: பார்ட்டிஷனுக்கு ‘க்ரோபார்ட்’, அதில் வட்டின் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே இடைவெளி உண்டு. எல்விஎம் இருந்தால் ‘பிவிரீசைஸ்’, பிறகு ‘எல்விஎக்ஸ்டென்ட்’. கடைசியாக எக்ஸ்ட்4-க்கு ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு ‘எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ்’. ‘எல்விஎக்ஸ்டென்ட்’டோடு ‘-ஆர்’ கொடுத்தால் கடைசிப் படியையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

வட்டையே பெரிதாக்காமல் தீரும் கேஸும் உண்டு. உபுண்டு சர்வர் நிறுவி, எல்விஎம் தேர்ந்தெடுத்தால் 20 முதல் 200 ஜிபி வரையான வட்டில் ஏறத்தாழ பாதியைத்தான் ரூட்டுக்குக் கொடுக்கிறது. மீதி வால்யூம் குரூப்பில் சும்மா கிடக்கிறது. ‘விஜிஎஸ்’ அடித்து ‘விஃப்ரீ’ பத்தியைப் பாருங்கள். இடம் இருந்தால் ‘எல்விஎக்ஸ்டென்ட்’ ஒன்றே போதும்.

விஎம் அப்படியே உறைந்து, எலிகூட நகரவில்லை என்றால் கெஸ்டை விட்டுவிட்டு ஹோஸ்டில் ‘டிஎஃப்’ அடியுங்கள். தேவைக்கேற்ப வளரும் வட்டுக் கோப்புகள் ஹோஸ்டின் வட்டை நிரப்பிவிட்டால் கியூஎமு கெஸ்டைக் கொல்வதில்லை, நிறுத்திவைக்கிறது. ‘விர்ஷ் டோம்ஸ்டேட்’ கட்டளையை ‘--ரீசன்’ சேர்த்துக் கேட்டால் ‘பாஸ்ட், ஐ/ஓ எரர்’ என்று ஒப்புக்கொள்ளும். ஹோஸ்டில் இடம் ஒதுக்கி ‘விர்ஷ் ரெஸ்யூம்’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பயத்தில் பவரைப் பிடுங்குபவர்களுக்குத்தான் கோப்பு முறைமைச் சேதம். விர்ச்சுவல்பாக்ஸும் இதே மாதிரி நிறுத்திவைத்து ஒரு செய்தி காட்டும்.

ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் எதை எழுதினாலும் ‘ரீட்-ஒன்லி’ என்கிறது என்றால், ஒரு கட்டத்தில் வட்டு பதில் சொல்லாமல் எக்ஸ்ட்4 தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. ஸ்கஸி வட்டுக்கு இயல்பான பொறுமை 30 வினாடிதான். அடியில் உள்ள ஸ்டோரேஜ் அதற்கு மேல் தூங்கினால் கெஸ்ட் வட்டு பழுதென்று எடுத்துக்கொள்கிறது. ‘ஓப்பன்-விஎம்-டூல்ஸ்’ விஎம்வேர் வட்டுகளுக்கு அதை 180 ஆக்குவது இதற்காகவே. மறுபடி எழுதும் நிலைக்கு ரீமவுண்ட் செய்யும் ஆசையை அடக்கிக்கொண்டு, கெர்னல் வரியில் ‘எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ்’ சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

## கடிகாரம் பின்தங்குகிறது

இது நேரக் கோளாறாக வந்து நிற்காது, வேறு வேஷத்தில் வரும். ‘ஆப்ட்’ அப்டேட் ‘இந்த ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்கும். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தவறு என்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணை ஏற்காது. ‘டேட்’ அடித்துப் பாருங்கள்.

தவறு சரியாக உங்கள் நேர மண்டலத்தின் வித்தியாசம் அளவுக்கே இருந்தால், விஎம்மின் வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்ட, லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டது. விஎம் அமைப்பில் யூடிசி என்று மாற்றுங்கள். தவறு ஒழுங்கில்லாத அளவில், லேப்டாப் தூங்கிய நேரத்துக்கோ ஸ்னாப்ஷாட்டின் (சேமித்துவைத்த விஎம் நிலையின்) வயதுக்கோ பொருந்தினால், கெஸ்ட் தூங்கி விழித்திருக்கிறது.

‘நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி இருக்கிறதே, திருத்த வேண்டாமா?’ இங்கே ஒரு சூட்சுமம். பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் தரும் அமைப்பில் ‘மேக்ஸ்டெப் 1 3’ என்று ஒரு வரி இருக்கும். 1 வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரே தாவலில் திருத்தலாம், ஆனால் சேவை தொடங்கிய பிறகான முதல் 3 அப்டேட்டில் மட்டும் என்று பொருள். அதற்குப் பிறகு கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ளும். நாலு மணி நேரம் பின்தங்கிய கெஸ்டை அப்படித் தள்ளினால் விடிந்துவிடும். உடனடியாக ‘க்ரோனிசி மேக்ஸ்டெப்’. நிரந்தரமாக அந்த 3-ஐ -1 ஆக்குங்கள், எப்போது வேண்டுமானாலும் தாவும். கேவிஎம்மில் ‘பிடிபி_கேவிஎம்’ மாட்யூலை ஏற்றி, ‘/டெவ்/பிடிபி0’-ஐக் க்ரோனிக்கு ‘ரெஃப்க்ளாக்’ ஆகக் காட்டினால் நெட்வொர்க்கே இல்லாமல் ஹோஸ்டின் நேரத்தை நேரடியாகப் படிக்கும்.

க்ரோனிக்குப் பதில் சிஸ்டம்டி-டைம்சின்க்டி உள்ள கெஸ்டில் தாவுவது பிரச்சினை இல்லை, ஆனால் அது அதிகபட்சம் 2048 வினாடிக்கு ஒருமுறைதான் சர்வரைக் கேட்கும். அரை மணிக்கு மேல் காத்திருக்க மனமில்லை என்றால் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். அப்புறம், விஎம்வேரின் நேர ஒத்திசைவையும் க்ரோனியையும் சேர்த்து இயக்கிவிடாதீர்கள். ‘விஎம்வேர்-டூல்பாக்ஸ்-சிஎம்டி’ கட்டளையில் ‘டைம்சின்க் ஸ்டேட்டஸ்’ கேட்டால் இயங்குகிறதா என்று சொல்லும். ‘டைம்சின்க் டிசேபிள்’ கொடுத்தால் ஒதுங்கிக்கொள்ளும்.